பிடரி எழுத்து

ஒற்றைக்காது சிம்மைத் தூக்கிலிட்ட மறுநாள் காலை, ஆல்டர்ஹோப் நகர நீதிமன்றப் புத்தகத்திலிருந்து ஒரு வரி காணாமல் போயிருந்தது. அதிலிருந்த ஐந்து சொற்களும் அந்த வாரம் முடிவதற்குள் ஐந்து பேருடைய பிடரியில் ஏறிவிட்டன. தாளில் கிழித்த அடையாளம் இல்லை, சுரண்டிய தடம் இல்லை. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நடுவே வெறும் வெள்ளை, துவைத்துக் காயப்போட்ட துணிபோல. எழுத்தர் பேட்ரிக் வீட்ச் அந்தப் பக்கத்தை மூன்று தடவை புரட்டிப் பார்த்தார், பிறகு புத்தகத்தை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார் என்று அவர் வீட்டு வேலைக்காரி பிற்பாடு சொன்னாள். ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டாம் வருடம், ஜூன் மாதம். அரசர் தெற்கே லண்டனுக்குக் குடிபோய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதுவரை, என்றைக்காவது மாட்டிக்கொண்ட ஒருவன் தொங்கினாலும், இங்கிலாந்தை ஒட்டிய எங்கள் எல்லைப்புறத்தில் குடும்பத் தொழிலாக இருந்த மாட்டுத் திருட்டு அதற்குப் பின் மன்னிப்பே இல்லாத தூக்குக் குற்றமாகியிருந்தது.

குற்றப்பத்திரிகை எழுத எங்கள் பக்கத்தில் ஒரு வாய்ப்பாடு உண்டு. திருடியவன் பெயர், திருடிய பொருள், நாள், இடம், இவற்றுக்குப் பின்னால் 'இவனும் இவனுடைய' என்று தொடங்கி ஐந்து சொற்களை வரிசையாகப் போட வேண்டும். மாரோ என்றால் கூடப் போனவன். ஒரு ஜோடிக் கையுறையில் ஒன்றுக்கு மற்றது மாரோ. அவுட்பூட்டர், ஆளை ஏவி அனுப்பியவன். ரிசெட்டர், திருடனுக்கும் திருட்டு மாட்டுக்கும் கூரை கொடுத்தவன். பார்ட்டேக்கர், கறியில் பங்கு தின்றவன். ஐந்தாவது சொல் நாக்கில் நிற்காத அளவுக்கு நீளம். தெரிந்தும் வாய் திறக்காதவன் என்று அர்த்தம். நாங்கள் ஆடுகளுக்குக்கூட இத்தனை பெயர் வைக்கவில்லை. சட்டத்துக்கு இந்த ஐந்து பேரும் திருடனும் ஒன்றுதான், எல்லோருக்கும் ஒரே கயிறு. பிச்சைக்காரன் ஒருத்தன் தனியாகப் போய் ஒரு கோழியைப் பிடித்திருந்தாலும் வீட்ச் ஐந்தையும் எழுதிவிடுவார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் எழுதினார். எழுதாமல் விட்டால் படிவம் சரியில்லை என்று மேலிடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அதோடு, நெடுங்காலம் எழுதிப் பழகிய கைக்கு அந்த வரி வந்ததும் பேனா தானாக வழுக்கிக்கொண்டு போகும். அந்தச் சுகம் அவருக்குப் பிடித்திருந்தது.

சிம் தனி ஆள் என்பது ஊருக்கே தெரியும். பெய்லியின் செவலைப் பசுவை நடுப்பகலில், மூடுபனியில், ஒரு கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஆற்றுக்கு நடுவில் போகும்போது பனி விலகிவிட்டது, அவ்வளவுதான். பெய்லி என்றால் எங்கள் ஊர் நீதிபதி. வால்டர் சிஸ்ஹோம் என்று பெயர். பசுவும் அவருடையது, தீர்ப்பும் அவருடையது. ஏணியில் ஏற்றி நிறுத்தியபோது, கூட யார் யார் என்று சிம்மைக் கேட்டார்கள். "தனியாப் போனேன், தனியா மாட்டினேன், தனியாத்தான் சாகப்போறேன். இதுல பங்கு வேணும்னு யாராவது கேட்டா வரச் சொல்லுங்க" என்றான். கூட்டம் சிரித்தது. தூக்குமரத்துக்குக் குறுக்குக் கட்டை செதுக்கிக் கொடுத்த தச்சன் ரிங்கன் ரெட்பாத் மட்டும் சிரிக்காமல் தன் உளியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிம் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் ஊரில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் வாரத்திலேயே ஆண்களும் முடி வெட்டிக்கொள்வார்கள். அதே தொழுவம், அதே கத்திரி, ஆடுகள் முடிந்ததும் ஆட்கள். தோல் பதனிடும் ஹாப் லெய்ட்லா குனிந்து உட்கார, அவன் தம்பி எக்கி கத்தரித்தான். முடி விழுந்து பிடரி வெளுத்ததும் அங்கே கறுப்பு மையில் ஒரு சொல் இருந்தது. எக்கி கட்டைவிரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. "அண்ணே, உன் கழுத்துல கோழி நடந்த மாதிரி என்னமோ இருக்கு" என்று தொழுவத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டான். தன் பங்குக் கம்பளியைப் பார்க்க வந்திருந்த போதகருக்குப் படிக்கத் தெரியும். அவர் குனிந்து 'ரிசெட்டர்' என்று வாசித்தார். வியாழக்கிழமை ஹாப்பைத் தூக்கிலிட்டார்கள்.

ஹாப் அந்தச் செவலைப் பசுவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ கொண்டுவந்த வேறொரு பசுவின் தோலைக் கேள்வி கேட்காமல் தொட்டியில் ஊறவைத்திருந்தான். எந்தப் பசு என்று சொற்கள் விசாரிக்கவில்லை. எல்லைப்புறத்தில் வயது வந்த எவரும் என்றைக்காவது ஒருநாள் யாருக்காவது ஒரு வேலிப்படலைத் திறந்து பிடித்தவர்கள்தான். அந்த வகையில் சொற்களுக்கு ஆள் கிடைப்பதில் சிரமமே இல்லை. ஹாப்பின் குற்றப்பத்திரிகையிலும் வீட்ச் அந்த ஐந்து சொற்களை எழுத வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்த வரியும் புத்தகத்தில் இல்லை. ஒன்று மண்ணுக்குள் போக, மீதி ஒன்பது சொற்கள் ஊருக்குள் நடமாடின.

அதற்குப் பின் ஆல்டர்ஹோப்பில் நிலவிய பயத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. தன் பிடரியைத் தானே பார்க்க எவனாலும் முடியாது. ஊரில் கண்ணாடி இருந்தது பெய்லி வீட்டில் மட்டும். போய்க் கேட்பவன் தானே மாட்டிக்கொள்வான். எனவே கழுத்தில் இருக்கிறதா இல்லையா என்பதே ஒருவருக்கும் தெரியாது. பின்னால் நிற்பவனுக்குத்தான் தெரியும். ஆண்கள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பீர் குடித்தார்கள். சந்தையில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்பது நின்றுபோய், எல்லோரும் வட்டமாக நின்று மீன் வாங்கினார்கள். கம்பளிக் கழுத்துப்பட்டை ஜூன் மாதத்தில் விற்றுத் தீர்ந்தது எங்கள் ஊர் வரலாற்றில் அந்த ஒரு வருடம்தான். பெய்லியிடம் பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள் பின்பக்கமாகவே நடந்து வாசல்வரை வந்தார்கள். அதை மரியாதை என்று அவர் நினைத்திருக்கலாம்.

ரிங்கனின் மனைவி கீலிஸ் அவன் தலையை வீட்டிலேயே வெட்டினாள். காலை வெயில் கதவு வழியாக விழுந்த இடத்தில் அவனை முக்காலியில் உட்காரவைத்து, முடியைக் கத்தரித்து, கழுத்தை ஊதினாள். எழுத்துகள் அங்கே இருந்தன. முதல் எழுத்துக்கு இடது கால் நீண்டு, நுனி தூண்டில்போல வளைந்திருந்தது. கத்திரியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டான். "முடிஞ்சுது. பேன் சீப்பு எங்கயோ வெச்சுட்டேன், அப்படியே உக்காரு" என்று சொல்லிவிட்டு, அந்த உருவத்தை ஒவ்வொரு வளைவாக மனதில் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் படிப்பு இல்லை. இருபது வருடம் பக்கத்தில் படுத்தவனுடைய கழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் அவனைத் தூக்கில் கொடுக்கப்போகிறோமோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அவன் உளியை எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரை அதை அடக்கிக்கொண்டாள்.

பிறகு ஓட்ஸ் மாவைப் பிசைந்து, ரொட்டியாகத் தட்டி, கத்தி முனையால் அந்த உருவத்தை அதன்மேல் கீறி, கல்லில் சுட்டாள். எழுத்து வெந்து பழுப்பாக நின்றது. ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, சிறைக்கூடத்துக்குப் பக்கத்து மாடியில் இருந்த எழுத்தரிடம் போனாள்.

"இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க ஐயா. எங்க ஆட்டு மேல யாரோ சூடு போட்டிருக்காங்க" என்றாள்.

வீட்ச் ரொட்டியைப் பார்த்தார். அந்த நீண்ட கால், அந்தத் தூண்டில் வளைவு, இரண்டும் அவருடைய கைதான். "எந்த ஆடு?" என்றார்.

"கிடா."

"வயசு?"

கீலிஸ் முப்பத்தெட்டு என்று சொல்ல வாயெடுத்து, நாலு என்றாள்.

"வேற கிடாங்களோட சேர்ந்து எங்கயாச்சும் போகுமா?"

"எங்க போகும்? இருபது வருஷமா என் பக்கத்துலதான் கிடக்கு."

வீட்ச் சிரிக்கவில்லை. நாலு வயதுக் கிடா இருபது வருடமாக எப்படிப் பக்கத்தில் கிடக்கும் என்று அவர் கேட்கவும் இல்லை. ரொட்டியை விளிம்பில் பிடித்து, சூடு ஆறாத பாத்திரத்தைப்போல இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். "மாரோன்னு எழுதியிருக்கு, வீட்டம்மா. கூடப் போனவன்."

"யாரு கூட?"

"அதை நாங்க எழுதறதில்லை."

"தூக்குல போடற வார்த்தையா?"

"நான் எழுதினது எல்லாமே தூக்குல போடற வார்த்தைதான். எழுதும்போது தெரியல."

"அழிக்க ஏதாவது வழி சொல்லுங்க. எலுமிச்சம்பழம் கிடைக்குமாம், லீத் துறைமுகத்துல கப்பல்காரங்க வெச்சிருப்பாங்களாம்."

"ஊர்ல இருக்கற மை பூராவும் நான் காய்ச்சினது. அழியற மை எனக்குக் காய்ச்சத் தெரியாது."

அப்போது படியில் பெய்லியின் சேவகனுடைய பூட்ஸ் சத்தம் கேட்டது. கீலிஸ் ரொட்டிக்குக் கை நீட்டினாள். அதற்குள் வீட்ச் அதை நான்காக மடித்து வாயில் திணித்துக்கொண்டார். சேவகன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, ஊரின் எழுத்தர் கண்ணில் நீர் முட்ட ஓட்ஸ் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். "உப்பு கம்மி" என்று முழுங்கிவிட்டுச் சொன்னார். "கம்மிதாங்க" என்றாள் கீலிஸ்.

அன்று மத்தியானம் வீட்ச் பெய்லியிடம் போய், அந்த ஒரு வரியை இனி எழுதாமல் விடலாமா என்று கேட்டார். சிம் தனியாகப் போனவன், அந்த வரியைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதைச் சொன்னால் ஹாப்பை யார் கொன்றது என்ற கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். எனவே வரி நீளமாக இருக்கிறது, தாள் வீணாகிறது என்று சொன்னார். பெய்லி தன் வெள்ளைக் கழுத்துச் சுருக்குத் துணியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "உங்கப்பா எழுதின வரி, எங்கப்பா அதை வெச்சுத் தூக்குல போட்டாரு. இன்னிக்கு நீ அது வேண்டாம்னா, அன்னிக்குத் தொங்கினவன் எல்லாம் எதுக்குத் தொங்கினான்னு நாளைக்கு ஊர் கேக்கும். கேக்க விடலாமா?" பிறகு தான் ஏற்கெனவே முடிவு செய்திருந்ததைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கழுத்தைத் திறந்துபோட்டு உட்கார வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவனின் பிடரியைப் பார்த்துப் போதகருக்குப் பதில் சொல்ல வேண்டும். பொய் சொல்கிறவனுக்கும் அதே கயிறு.

கீலிஸ் வீடு திரும்பி, அடுப்பை ஊதக் குனிந்தபோது தலைத்துணி நழுவியது. சாப்பிட வந்திருந்த ரிங்கன் பார்த்துவிட்டான். முந்தைய நாள் சுத்தமாக இருந்த கழுத்தில், ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை நீளும் ஒரு சொல். என்ன சொல் என்று அவனுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் இருப்பதிலேயே நீளமானது எது என்று தொழுவத்தில் போதகர் எல்லோருக்கும் விளக்கியிருந்தார். தெரிந்தும் வாய் திறக்காதவள். அவளுக்கு எது தெரியும், யாரைப் பற்றித் தெரியும் என்பது அவனுக்கு அடுத்த கணமே புரிந்துவிட்டது. அவன் எழுந்து வந்து துணியை மேலே இழுத்துவிட்டான்.

"காத்து அடிக்குது" என்றான்.

"ஜூன் மாசத்துலயா?"

"அடிக்குதுன்னா அடிக்குது. போத்திக்கோ."

"உன் சட்டைக்கும் ஒரு கழுத்துப்பட்டை தைச்சு வெச்சிருக்கேன், மனுஷா. எடுத்துக் கட்டிக்கோ. காத்து உனக்கும்தானே அடிக்கும்."

அவன் எடுத்துக் கட்டிக்கொண்டான். அந்த நிமிடத்தில் அவன் பிடரியிலும் மாரோவுக்குக் கீழே அதே நீளச் சொல் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் மற்றவருடையது தெரியும், தன்னுடையது தெரியாது. இருவரும் கஞ்சியைக் குடித்தார்கள். ஓடிவிடலாமா என்று கீலிஸ் கேட்டாள். ஆற்றுக்கு அந்தப்பக்கம் இங்கிலாந்தில் அவள் அக்கா இருந்தாள். "ஓடினா சந்தைக் கல்லுல மூணு தடவை கொம்பு ஊதி, சட்டத்துக்குத் தப்பி ஓடினவங்கன்னு அறிவிச்சுடுவாங்க. அப்புறம் ஒரு வாய் தண்ணி கொடுக்கறவளுக்கும் கயிறுதான். உங்கக்காவையும் சேர்த்தா இழுத்துவிடணும்?" என்றான். கொஞ்ச நேரம் கிண்ணத்தைச் சுரண்டிவிட்டு, "கீலிஸ், எனக்குப் பதினாறு வயசுல சிம் கூட ஒருநாள்" என்று ஆரம்பித்தான்.

"சொல்லாதே" என்றாள் அவள். "நீ போனியா போகலையான்னு நான் கேட்டேனா? சொல்லிட்டீன்னா எனக்குத் தெரிஞ்சதாயிடும். ஞாயித்துக்கிழமை என்னைக் கேட்டா என் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்."

அவன் நிறுத்திக்கொண்டான். ஒன்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியபோது பின்னால் துரத்தி வந்தவர்களை ஒருத்தன் நின்று தடுத்தான், இன்னொருத்தன் கரையேறினான் என்பதையும், சிம் ஒற்றைக்காதன் ஆனது அன்றைக்குத்தான் என்பதையும் அவன் அவளிடம் சாகும்வரை சொல்லவில்லை. அந்தச் சிம்முக்குத்தான் அவன் குறுக்குக் கட்டை செதுக்கியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கோயிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், எல்லோரும் போதகரைப் பார்த்தபடி, எல்லாக் கழுத்தும் வெறுமையாக. எல்லோருக்கும் முன்னால் வேலைப்பாடு செதுக்கிய தன் நாற்காலியில் பெய்லி. சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லி, அவரே தன் கழுத்துச் சுருக்குத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கு நேர் பின்னால் எழுத்தர் வீட்ச். போதகர் கடைசி வரிசையிலிருந்து தொடங்கினார். "உனக்கு முன்னால் என்ன காண்கிறாய்?" என்று கேட்பார். முதலில் கேட்கப்பட்டவன் ஒரு கிழட்டு மேய்ப்பன். அவன் முன்னால் இருந்த கழுத்தில் ஒரு சொல் பளிச்சென்று இருந்தது. அவன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்க" என்றான். அவனுக்குப் பின்னால் சுவர் மட்டுமே இருந்ததால் அவன் பிடரியில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அவன் முன்னால் இருந்தவனும் ஒன்றும் இல்லை என்றான். அப்படிச் சொன்னதும் அவன் கழுத்தில் மை ஊறி நீளச் சொல்லாக விரிவதை மேய்ப்பன் பார்த்தான். மேய்ப்பனோ ஏற்கெனவே பதில் சொல்லி முடித்தவன். வரிசை வரிசையாக அது முன்னேறி வந்தது. ஈரச் சுவரில் தண்ணீர் ஏறுவதுபோல, சத்தமே இல்லாமல்.

ரிங்கனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் எக்கி லெய்ட்லா. ஊரிலேயே உண்மையைச் சொல்ல உரிமை உள்ளவன் ஒருவன் இருந்தான் என்றால் அது அவன்தான். சொல்லி அண்ணனைச் சாகக் கொடுத்தவன். தன் அண்ணன் மட்டும் தொங்குவானேன், மற்றவனும் தொங்கட்டும் என்று அவன் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவன் முன்னால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு வரி. கீலிஸுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எக்கியின் முகம் மட்டும் தெரிந்தது. போதகர் கேட்டார். எக்கி தன் கட்டைவிரலைப் பார்த்தான். போதகர் இரண்டாம் தடவை கேட்டார். கடவுளே, அவனை ஊமையாக்கிவிடு என்று கீலிஸ் கோயிலுக்குள்ளேயே வேண்டிக்கொண்டாள், அது பாவம் என்று தெரிந்தே.

"எனக்கு முன்னால ரிங்கன் உக்காந்திருக்கான்" என்றான் எக்கி. "கழுத்து இருக்கு. வெயில்ல கருத்திருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் உடனே மறுபடி போயிற்று, ஏனென்றால் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கிரிசல் நிக்சன். ஒரு வாத்து விஷயமாக இருவரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தன் கழுத்தில் எதுவும் இல்லை என்று கீலிஸ் நம்பிக்கொண்டிருந்தாள். ஆனாலும் வாத்துக்காக இல்லாததையும் சொல்லக்கூடியவள் கிரிசல். எதிர்ப்பக்கம் ரிங்கன் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். அவனுக்குத்தானே தெரியும், அங்கே இருக்கிறது என்று.

கிரிசல் முன்னால் சாய்ந்து, வேண்டுமென்றே நிதானமாக, காதுக்குப் பின்னால்கூட விலக்கிப் பார்த்தாள். "பேன் இருக்குதுங்க" என்றாள். "எழுத்து இல்ல."

இரண்டு மூன்று பேர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பும் பயம்தான்.

கடைசியில் வீட்ச் மட்டும் மிஞ்சினார். அவருக்கு முன்னால் பெய்லியின் கொழுத்த, சிவந்த பிடரி. அங்கே அவுட்பூட்டர் என்று இருந்தது, ஆட்களை ஏவி அனுப்பியவன். ஆனால் வீட்சை நடுங்கவைத்தது சொல் அல்ல. அது அவருடைய கையெழுத்தே இல்லை. அது செத்து இருபது வருடமான அவருடைய அப்பாவின் கையெழுத்து, மை மங்கி, தோலின் சுருக்கங்களோடு சேர்ந்து வயதாகிப்போயிருந்தது. பெய்லியின் மனைவி உயிரோடு இருந்தவரை அந்தக் கழுத்துத் துணியை வேலைக்காரர்கள் யாரையும் தொடவிடாமல் தானே கஞ்சிபோட்டுத் தானே கட்டிவிடுவாள் என்பதை ஊரே பெருமையாகப் பேசியிருக்கிறது. ஏன் என்று அன்றைக்குத்தான் ஒருவருக்குத் தெரிந்தது.

"என்ன காண்கிறாய்?" என்று போதகர் கேட்டார்.

"சுத்தமா இருக்குதுங்க" என்றார் வீட்ச். ஆனால் சொல்வதற்கு முன் கொஞ்சம் தாமதித்துவிட்டார். ஐம்பது வருடம் மற்றவர்களின் தாமதத்தைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்னவருக்கு அதன் அளவு தெரியாதா. பெய்லியின் வலது கை மடியிலிருந்து எழுந்து பிடரிக்குப் பாதி வழி போய், நடுவில் நின்றது.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனுங்க. உங்க வீட்டம்மா பாத்த மாதிரியே பாத்தேன்."

பெய்லியின் முகம் தவிட்டு நிறமானது. எங்கள் ஊரில் அதுவரை பயப்படாத ஒரே ஆள் அவர்தான். கழுத்துத் துணியை எடுத்துக் கட்டப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. வீட்ச்தான் பின்னாலிருந்து முடிச்சுப் போட்டுவிட்டார். "வீட்டுக்குப் போங்க" என்றார் பெய்லி, திரும்பிப் பார்க்காமல். கலைந்து போகும்போது எவரும் எவரையும் முந்திப் போகவில்லை. எல்லோரும் கடைசியில் போகவே பார்த்தார்கள். கீலிஸ் கிரிசலிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அந்த வாத்து என்னுதுதான்" என்று சொல்லிவிட்டு கிரிசல் போய்விட்டாள்.

அன்று வீட்ச் தன் அப்பாவின் புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். நாற்பது வருடத்துப் பக்கங்களில் ஒரு வெற்று வரி, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்படியே போயிற்று. ஹாப்பின் கழுத்துத்தான் முதல் கழுத்து என்று நினைத்தது எங்கள் முட்டாள்தனம். அதற்குப் பின் அவர் அந்த வரியை எழுதவில்லை. படிவம் சரியில்லை என்று மேலிடத்திலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. அங்கே யாரும் அதைப் படித்ததே இல்லை போலும். பெய்லி இன்னும் ஆறு வருடம் நீதிபதியாக இருந்தார், ஒருவரையும் தூக்கிலிடவில்லை. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். எக்கி அதற்குப் பின் இருபத்தாறு வருடம் வாழ்ந்தான். யாருடைய தலையையும் வெட்ட மாட்டான். ஆட்டுக்குக்கூட மயிர் கத்தரிக்க மறுத்துவிட்டான்.

இப்போது ஆல்டர்ஹோப்பில் குழந்தைகள் பிடரி எழுத்தோடுதான் பிறக்கின்றன. மருத்துவச்சி முதலில் பார்ப்பாள், துணியைச் சுற்றுவாள், எடையைப் பற்றிப் பேசுவாள். வெளியூர்க்காரர்கள் மச்சம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் வந்து எல்லோரும் படிக்கக் கற்றுக்கொண்ட பின்னும், அடுத்தவன் கழுத்தை வாசிப்பது எங்களிடம் கெட்ட பழக்கம். வாசித்ததைச் சொல்வது அதைவிடக் கெட்டது. இதை எழுதும் எனக்கும் ஒன்று இருக்கிறது. என்னவென்று என் மனைவிக்குத் தெரியும். சில நாள் பேச்சுவாக்கில் அவள் சட்டென்று நிறுத்தும்போது நான் சட்டைக் கழுத்தை மேலே இழுத்துவிட்டுக்கொள்வேன். கேட்டதில்லை.

கீலிஸும் ரிங்கனும் கிழவன் கிழவியாகும்வரை இருந்தார்கள். வாற்கோதுமை அறுக்கும் பருவத்தில் ரிங்கன் படுத்தபடுக்கையானான். நெஞ்சுச் சளி, கொஞ்ச நாள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு முற்பகலில் அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை முன்னால் கவிழ்த்துக்கொண்டு, "இப்பவாவது சொல்லு, என் கழுத்துல என்ன இருக்கு?" என்றான்.

அவள் துணியைப் பிழிந்தாள். முப்பது வருடத்தில் அந்தத் தூண்டில் வளைவு ஒரு மயிரிழைகூட மங்கவில்லை.

"அழுக்கு" என்றாள். "சரி, என் கழுத்துல என்ன இருக்கு?"

"சுருக்கம். வேற என்ன" என்றான் அவன்.

"இரு, தேய்ச்சுவிடறேன்."

கட்டைவிரலில் எச்சில் தொட்டு, அந்த இரண்டு வரியின்மேலும் மெதுவாக ஒருமுறை தேய்த்தாள். "போயிடுச்சு" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். அவள் சட்டையை மேலே இழுத்து, கழுத்துப்பட்டையைக் கட்டிவிட்டாள்.